பெல்ட் கவருக்கு என்ன நிறம்?

காரியம் செய்கிறவர்கள் இருக்கிறார்கள், செய்யாதவர்கள் இருக்கிறார்கள். இந்த இரண்டு கூட்டத்துக்கும் நடுவே மூன்றாவதாக ஓர் இனம் உண்டு. காரியத்தைப் பற்றிக் கூட்டம் போடுகிற இனம். இவரைச் சோம்பேறி என்று யாரும் சொல்லிவிட முடியாது. காலையில் முதல் ஆளாக வந்து மாலையில் கடைசி ஆளாகப் போகிறவர், மதியச் சாப்பாட்டைக்கூட நின்றபடி முடித்துக்கொள்கிறவர், போனில் பேசிக்கொண்டே நடந்து நடந்து செருப்பைத் தேய்க்கிறவர் இவர்தான். ஆனால் சுவரில் ஓர் ஆணி அடிக்கவேண்டும் என்று வையுங்கள். நீங்களும் நானும் சுத்தியலைத் தேடுவோம். இவர் நாற்காலிகளை வட்டமாகப் போடச் சொல்வார்.

இவரை அடையாளம் காண்பது சுலபம். பத்துப் பேர் உட்கார்ந்திருக்கிற அறையில் மைக்கைத் தட்டி, கேக்குதா என்று கேட்பார். யார் என்ன சொன்னாலும் 'நல்ல பாயிண்ட்' என்பார். அந்த நல்ல பாயிண்ட்டை உடனே 'குறிச்சுக்கோங்க' என்பார். குறித்துக்கொண்ட விஷயம் முடிந்துபோன விஷயம். அது அவருடைய நம்பிக்கை மட்டுமல்ல, நிம்மதியும்கூட. மழை பெய்கிறது, கூரை ஒழுகுகிறது, யாரோ ஒருவர் அதைக் குறித்துக்கொண்டுவிட்டார். அதற்குமேல் ஒழுகுவதற்குக் கூரைக்கு என்ன உரிமை இருக்கிறது?

இந்த இனத்தின் குணங்கள் எல்லாம் ஒருசேரப் பொருந்தியவர் செண்பகராஜ்.

கோவில்பட்டியிலிருந்து எட்டயபுரம் போகிற சாலையில், இரண்டு பக்கமும் கரிசல் வெடித்துக் கிடக்கிற இடத்தில், ஒரு நூற்பாலை உண்டு. செண்பகராஜ் அதன் பொது மேலாளர். பொது மேலாளராக இருப்பவர்தான் பாதுகாப்புக் குழுவுக்கும் தலைவர் என்பது அங்கே வழக்கம். அவருக்கு முன்பு இருந்தவர்களுக்கு இது கூடுதல் சுமை. செண்பகராஜுக்கு அப்படி இல்லை. பொது மேலாளர் வேலைதான் அவருக்குக் கூடுதல்.

நல்ல மனிதர். அதை முதலிலேயே சொல்லிவிடவேண்டும். யாரையும் கடிந்து பேசமாட்டார். தொழிலாளி வீட்டுக் கல்யாணம் என்றால் வேம்பார் வரைக்கும் கார் ஓட்டிக்கொண்டு போவார். போன இடத்தில் பந்தி விசாரிக்கிற நாலு பேரைத் தனியாக ஓரங்கட்டி, முதல் பந்தியில் என்ன குறை நேர்ந்தது, இரண்டாம் பந்தியில் அதை எப்படித் தவிர்க்கலாம் என்று ஒரு சின்னக் கலந்தாலோசனை நடத்துவார். அது முடிவதற்குள் இரண்டாம் பந்தி முடிந்து இலை எடுத்திருப்பார்கள். அவர் மூன்றாம் பந்தியில் உட்கார்ந்து, சாம்பார் ஆறிப்போயிருக்கிறது என்பார். அடுத்த வீட்டுக் கல்யாணத்துக்கு அதைக் குறித்துக்கொள்ளச் சொல்வார்.

பாதுகாப்புக் குழு மில்லின் மாடியில் கூடும். கீழே மிஷின்கள் ஓடுகிற சத்தத்தில் பக்கத்து ஆள் பேசுவது கேட்காது. மாடியில் குளிர்சாதனம் போட்டுக் கதவைச் சாத்திவிட்டால் மிஷின் ஓடுகிற சத்தம் கேட்காது. கூட்டத்துக்கு இதைவிடத் தோதான இடம் எங்கே கிடைக்கும்? சுவரில் 'பாதுகாப்பே நமது மூச்சு' என்று பேனர். அந்தப் பேனரின் ஒரு முனை கழன்று காற்றாடியின் இறக்கையில் சிக்கப் பார்த்துக்கொண்டே இருக்கும். மேசைமேல் சாத்தூர் சேவும் கடலை மிட்டாயும் டீயும். முதலில் எல்லாரும் எழுந்து கையை நீட்டி உறுதிமொழி எடுக்கவேண்டும். பிறகு பாதுகாப்பு அலுவலர் பாண்டிராஜ் வரவேற்றுப் பேசுவார். அவர் டிப்ளமோ முடித்து இந்த வேலைக்கு வந்து சில வருஷம்தான் ஆகிறது. நல்ல துடிப்பான ஆள். அந்தத் துடிப்பு முழுவதும் திரையில் ஓடுகிற படங்களில் வெளிப்படும். எழுத்துகள் பறந்து வரும், சுழன்று உட்காரும், ஓர் ஓரத்தில் தலைக்கவசம் போட்ட ஒரு பொம்மை கைதட்டும்.

அடுத்து, சென்ற கூட்டத்தின் குறிப்பை வாசிப்பார்கள். இதில்தான் செண்பகராஜின் முழுத் திறமையையும் பார்க்கலாம்.

"பாண்டிராஜ், மூணாவது வரில 'விவாதிக்கப்பட்டது'ன்னு இருக்கு. நாம எவ்வளவு நேரம் பேசினோம். 'விரிவாக விவாதிக்கப்பட்டது'ன்னு போடுங்க."

போடுவார்கள். இந்தத் திருத்தத்தை எல்லாரும் ஏற்றுக்கொண்டதாக இன்னொரு குறிப்பும் எழுதப்படும்.

தொழிலாளர் சார்பில் அந்தக் குழுவில் இருந்தவர்களில் ஒருத்தி சுப்புத்தாய். நூல் சுற்றும் மிஷின்களுக்கு நடுவே பாதி ஆயுளைக் கழித்தவள். அதிகம் பேசமாட்டாள், மேசைமேல் இருக்கிற சேவையும் தொடமாட்டாள். மழைக்காலத்தில் நடந்த ஒரு கூட்டத்தில், 'உறுப்பினர்கள் கருத்து' என்று திரையில் எழுத்து சுழன்று வந்து உட்கார்ந்ததும் அவள் எழுந்தாள்.

"கடேசி வரிசையில மூலை மிஷினுக்குப் பெல்ட் கவர் இல்ல சார். ரிப்பேருக்குன்னு கழத்துனவிய செவத்துல சாத்தி வச்சிட்டுப் போயிட்டாவ. பெல்ட்டு தொறந்து ஓடுது. புள்ளைய பக்கத்துல நின்னு தூசி தூத்துது. ரெண்டு போல்ட்ட மாட்டுனா முடிஞ்சிரும்."

செண்பகராஜின் முகம் மலர்ந்தது. "நல்ல பாயிண்ட். பாண்டிராஜ், குறிச்சுக்கோங்க."

பாண்டிராஜ் குறித்துக்கொண்டார். வேறு யாராவது தலைவராக இருந்திருந்தால் கதை இதோடு முடிந்திருக்கும். போன் போட்டு ஃபிட்டரைக் கூப்பிட்டு மாட்டச் சொல்லியிருப்பார். செண்பகராஜ் அப்படி மேலோட்டமான ஆள் இல்லை. அவர் நாற்காலியில் முன்னால் நகர்ந்து, இரண்டு கைகளையும் கோத்துக்கொண்டார்.

"ஒரு கவரை மாட்டினா ஒரு கவர் பிரச்சினைதான் தீரும். நாம வேருக்குப் போகணும். எல்லா மிஷினுக்கும் கவர் எப்படி இருக்கணும், என்ன அளவு, என்ன நிறம், யார் பொறுப்பு. இதுக்கு ஒரு துணைக் குழு போடலாமா?"

போட்டார்கள். துணைக் குழு அடுத்த கூட்டத்தில் ஓர் அறிக்கை கொடுத்தது. அளவெல்லாம் சரியாகத்தான் இருக்கிறது, ஆனால் கவர்கள் ஒவ்வொன்றும் ஒவ்வொரு நிறத்தில் இருக்கின்றன, ஒரே நிறமாக்கினால் நல்லது என்றது அறிக்கை. பிடித்துக்கொண்டது வாதம். மஞ்சள் என்றார் ஒருவர். ஆரஞ்சு என்றார் பாண்டிராஜ். எங்கோ வெளிநாட்டு ஆலையில் ஆரஞ்சுதான் அடித்திருக்கிறார்கள் என்று வீடியோவும் காட்டினார். மஞ்சளில் எண்ணெய்க் கறை தெரியும் என்றார் ஸ்டோர்ஸ்காரர். தெரிந்தால்தானே துடைப்பார்கள் என்றார் மஞ்சள்காரர். ஆரஞ்சில் மட்டும் தெரியாதா என்று ஒரு குரல். அந்த மாதிரி ஒரு சூடான, பயனுள்ள, ஆளுக்கு ஆள் ஆர்வமாகக் கலந்துகொண்ட விவாதத்தை அந்த மாடி அதற்கு முன்பு கண்டதில்லை. செண்பகராஜ் ஒவ்வொரு பக்கமாகத் திரும்பித் திரும்பித் தலையாட்டினார். கல்யாண வீட்டில் தவில் கேட்கிறவரைப் போல அவருக்கு உடம்பெல்லாம் ஒரு பூரிப்பு.

சுப்புத்தாய் எழுந்தாள். "நெறம் எதுன்னாலும் அடிச்சுக்கிடுங்க சார். மொதல்ல மாட்டிட்டு அடிக்கலாம்லா."

"மாட்டிட்டா எப்படிம்மா அடிக்க? திரும்பக் கழத்தணும்லா?" என்றார் செண்பகராஜ்.

எல்லாரும் சிரித்தார்கள். சுப்புத்தாய் உட்கார்ந்துகொண்டாள். நிறம் பற்றிய முடிவு அடுத்த கூட்டத்துக்குத் தள்ளிவைக்கப்பட்டது. கூட்டத்தின் படங்களைப் பாண்டிராஜ் முதலாளிக்கு அனுப்பினார். முதலாளி கட்டைவிரல் படம் ஒன்றைத் திருப்பி அனுப்பினார். அதைச் செண்பகராஜ் வீட்டுக்குப் போன பிறகும் எடுத்து எடுத்துப் பார்த்தார்.

இதற்கு நடுவே ஒன்று நடந்தது. ஃபிட்டர் இசக்கிமுருகன், வேறு ஏதோ வேலையாக அந்த மூலைப் பக்கம் போனவன், சுவரில் சாத்தியிருந்த கவரைப் பார்த்துவிட்டு, இது என்னத்துக்கு இங்கன கெடக்கு என்று தூக்கி மாட்டப் போனான். அந்த நேரம் பார்த்துச் செண்பகராஜ் சுற்றி வந்துகொண்டிருந்தார்.

"இசக்கி, அதத் தொடாத. அது கமிட்டில இருக்கு."

"மாட்டிட்டுப் போறேன் சார். ரெண்டு போல்ட்டுதான."

"அவசரப்பட்டு நாம ஒண்ணு செய்ய, கமிட்டி ஒண்ணு சொல்ல, நல்லா இருக்காதுல்லா? கமிட்டில இருக்கிற விஷயத்துல யாரும் கைய வைக்கக் கூடாது."

இசக்கிமுருகன் கவரைப் பழையபடி சாத்திவைத்தான். விவரமான ஆள். அன்றைக்கு அவன் கற்றுக்கொண்ட பாடத்தை மற்ற ஃபிட்டர்களுக்கும் சொல்லிவைத்தான். கமிட்டி என்ற வார்த்தை காதில் விழுந்த பொருளைத் தூரத்திலிருந்தே கும்பிட்டுவிட்டுப் போக அவர்கள் பழகிக்கொண்டார்கள்.

பங்குனி வெயில் தொடங்கியிருந்தது. அடுத்த கூட்டத்துக்கு இரண்டு நிற அட்டைகளை மேசைமேல் வைத்து, ஜன்னல் வெளிச்சத்தில் எது எடுப்பாக இருக்கிறது என்று செண்பகராஜ் பார்த்துக்கொண்டிருந்த ஒரு மத்தியானம், கீழே கடைசி வரிசையில் சத்தம் நின்றது. மாடியில் மிஷின் ஓடும் சத்தம்தான் கேட்காது. பெண்கள் அலறினால் கேட்கும்.

ஓடினார். படியில் ஒரு செருப்பு கழன்றது. அதை விட்டுவிட்டு ஓடினார்.

காவியா என்ற பெண். புதூர்ப் பக்கத்து ஊர். ஆடு மேய்க்கிற குடும்பம். அப்பா இல்லை, அம்மா மட்டும். வேலைக்குச் சேர்ந்து கொஞ்ச நாள்தான் ஆகிறது. மூலை மிஷின் அடியில் படிந்த பஞ்சுத் தூசியைக் குனிந்து பெருக்கிக்கொண்டிருந்தவளின் மேல்கோட்டுக் கை திறந்து ஓடிய பெல்ட்டில் சிக்கி, கையையும் சேர்த்து இழுத்துவிட்டது. பக்கத்து வரிசையில் நின்ற சுப்புத்தாய் பாய்ந்து சிவப்புப் பொத்தானை அடித்திருக்காவிட்டால் தோள் வரைக்கும் போயிருக்கும். செண்பகராஜ் போய்ச் சேர்ந்தபோது பெல்ட்டை அறுத்து அவளை எடுத்திருந்தார்கள். முழங்கைக்குக் கீழே கை இருக்கவேண்டிய மாதிரி இல்லாமல் வேறு மாதிரி இருந்தது. அவள் அழவில்லை. அதுதான் அவருக்குத் தாங்கவில்லை.

ஆம்புலன்ஸுக்கு யாரோ போன் போட்டார்கள். அவர் காத்திருக்கவில்லை. தன் காரிலேயே தூக்கிப் போட்டுக்கொண்டு கோவில்பட்டி ஆஸ்பத்திரிக்கு விரட்டினார். பின்சீட்டில் சுப்புத்தாயின் மடியில் கிடந்த காவியா பாதி வழியில்தான் வாயைத் திறந்தாள்.

"சார், எங்கம்மாட்ட மெதுவாச் சொல்லுங்க சார். ஆட்ட அங்கனயே போட்டுட்டு ஓடி வந்துரும்."

செண்பகராஜ் காலை இன்னும் அழுத்தினார். ஒரு காலில் செருப்பில்லாமல் ஆக்சிலேட்டரை மிதிக்கிறோம் என்பது அப்போதுதான் அவருக்குத் தெரிந்தது.

ஆஸ்பத்திரியில் எலும்பு முறிவு என்றார்கள். சதை கிழிந்திருந்தது, நரம்புக்குச் சேதமில்லை, விரல்கள் தப்பித்தன, கை பழையபடி வரும், நாளாகும் என்றார் டாக்டர். செண்பகராஜ் சுவரில் சாய்ந்து மூச்சுவிட்டார். இத்தனை வருஷமாகப் பாதுகாப்பைப் பற்றிப் பேசிய எந்த நாளிலும் அவர் இப்படிப் பயந்ததில்லை. அந்தப் பயத்திலும் அவர் தன் கடமையை மறக்கவில்லை. பாண்டிராஜைப் போனில் கூப்பிட்டு, நாளைக்குக் காலையில் அவசரக் கூட்டம் என்றார். மிஷினை என்ன செய்ய சார், புதுப் பெல்ட் போட்டாச்சு என்று பாண்டிராஜ் கேட்டார். எல்லாம் வழக்கம்போல ஓடட்டும், மத்ததைக் கூட்டத்தில் பேசிக்கொள்ளலாம் என்று சொல்லிப் போனை வைத்தார்.

சாயங்காலம் காவியாவின் அம்மா தங்கமாரி வந்து சேர்ந்தாள். மகள் சொன்ன மாதிரியே ஆட்டை யாரோ ஒருவருடைய புஞ்சையில் விட்டுவிட்டு, கையிலிருந்த தழை பறிக்கிற தொரட்டியைப் பஸ் ஸ்டாப்பில் போட்டுவிட்டு ஓடி வந்திருந்தாள். உள்ளே போய் மகளைப் பார்த்தாள். வெளியே வந்து முந்தானையால் முகத்தைத் துடைத்தாள். சத்தம் போடுவாள், சொந்தக்காரர்களைக் கூட்டி வந்து மறியல் செய்வாள் என்றெல்லாம் எதிர்பார்த்துச் செண்பகராஜ் சில நல்ல வார்த்தைகளைத் தயார் செய்து வைத்திருந்தார். அவள் ஒன்றும் செய்யவில்லை. பக்கத்தில் வந்து நின்றாள்.

"அங்கன ஒரு மூடி கழண்டு கெடந்துச்சாம்லா. புள்ள சொன்னா. அத மாட்டியாச்சாய்யா?"

"நாளைக்கு அவசரக் கூட்டம் வச்சிருக்கும்மா."

தங்கமாரிக்குப் புரியவில்லை. அவளுக்குத் தெரிந்து கூட்டம் கூடுவது கோயில் கொடைக்கு, இல்லாவிட்டால் சாவு வீட்டுத் துட்டிக்கு. "கூட்டம் என்னத்துக்குய்யா? புள்ளைக்கு ஒண்ணும் இல்லன்னுல்லா டாக்டர் சொல்லுதாவ."

அவர் வராந்தா பெஞ்சில் உட்கார்ந்தார்.

"இப்ப அந்த மிஷின்ல யாரு நிக்கா?" என்றாள் தங்கமாரி.

குத்திக் காட்டுவதற்காகக் கேட்கவில்லை அவள். தன் பிள்ளை நின்ற இடத்தில் இன்னொரு பிள்ளை நிற்குமே என்று கேட்டாள். செண்பகராஜுக்கு யார் நிற்கிறார்கள் என்று தெரியாது. யாரோ நிற்கிறார்கள் என்பது மட்டும் தெரியும். வழக்கம்போல ஓடட்டும் என்று சொன்னதே அவர்தானே. அவர் எழுந்து வராந்தாவின் கோடிக்குப் போய் இசக்கிமுருகனுக்குப் போன் போட்டார்.

"இசக்கி, அந்த மூலை மிஷின் கவர இப்பமே மாட்டு."

"சார், அது கமிட்டில இருக்குதுல்லா?"

"இருந்துட்டுப் போகுது. மாட்டு."

"நெறம் முடிவாயிருச்சா சார்?"

"இசக்கி."

"கோவப்படாதீங்க சார். அன்னைக்கு நீங்கதான் கைய வைக்கக் கூடாதுன்னு சொன்னீய. இப்ப ஆளு வேற அடிபட்டுக் கெடக்கு. நாளைக்கு விசாரணை அது இதுன்னு வந்து, நீ யாரக் கேட்டுடா தொட்டன்னா நான் என்னத்தச் சொல்ல? பாண்டிராஜ் சார் ஒரு வார்த்த சொல்லட்டும், மாட்டிருதேன்."

பாண்டிராஜுக்குப் போட்டார். பாண்டிராஜ் பொறுமையாகக் கேட்டுக்கொண்டார்.

"மாட்டிரலாம் சார். தலைவர் ஒப்புதல் மட்டும் வேணும்."

"நான்தானய்யா தலைவர்?"

"கூட்டத்துலதான் சார் தலைவர்," என்றார் பாண்டிராஜ். "இப்ப நீங்க ஆஸ்பத்திரில இருக்கீங்க."

செண்பகராஜ் போனைக் காதிலிருந்து எடுத்து ஒரு முறை பார்த்துக்கொண்டார். அந்த இளைஞனை அவர்தான் வளர்த்தார். அவன் சொன்ன ஒவ்வொரு வார்த்தையும் அவர் சொல்லிக்கொடுத்தது. இவ்வளவு நன்றாகச் சொல்லிக்கொடுத்திருப்போம் என்று அவர் நினைத்ததில்லை. அந்தப் பேச்சு காதில் விழுகிறவருக்கு எப்படி இருக்கும் என்பதையும் அவர் அதுவரை அறிந்ததில்லை.

காரை எடுத்துக்கொண்டு மில்லுக்குத் திரும்பினார். நேரே கடைசி வரிசைக்குப் போனார். மூலை மிஷின் ஓடிக்கொண்டிருந்தது. வேறொரு பெண், மேல்கோட்டுக் கையை முழங்கைக்கு மேலே சுருட்டி நூலால் கட்டிக்கொண்டு, எட்டி எட்டி நின்று பெருக்கிக்கொண்டிருந்தாள். செண்பகராஜ் சிவப்புப் பொத்தானை அழுத்தினார். அவர் ஒரு மிஷினைத் தொட்டுப் பல வருஷம் ஆகியிருந்தது. சுவரோரம் சாத்தியிருந்த கவரைத் தானே தூக்கிக்கொண்டு வந்து வைத்துப் பிடித்தார். கனமாக இருந்தது. இசக்கிமுருகன் எங்கிருந்தோ ஸ்பானரோடு ஓடி வந்தான்.

"நீங்க பிடிச்சிருக்கீங்க சார். நான் முடுக்குதேன். பிடிச்சது நீங்கதான்."

"நான்தான்டே. முடுக்கு."

முடுக்கினான். அவ்வளவுதான். டீ வாங்கப் போன ஆள் திரும்பி வருவதற்குள் முடிந்துவிட்டது.

செண்பகராஜ் கிரீஸ் அப்பிய கையோடு நின்றார். ஒரு மழைக்காலமும் ஒரு பனிக்காலமும் மாடியில் ஏறி இறங்கிய விஷயம், இரண்டு சுற்றில் அடங்கிவிட்டதே என்று அவருக்கு ஒரு பக்கம் வெட்கம். இன்னொரு பக்கம், சொன்னால் நம்பமாட்டீர்கள், சந்தோஷம். சின்னப் பிள்ளைபோல அந்தக் கவரைத் தட்டிப் பார்த்தார். அசையவில்லை. அந்த உற்சாகத்தில் வரிசை வரிசையாக நடந்தார். ஈரப்பதம் கொடுக்கிற அறை வாசலில் தண்ணீர் தேங்கி வழுக்குவதைப் பார்த்து, சாக்குப் போட்டு மேடு கட்டச் சொன்னார், கட்டினார்கள். அணைந்துபோன ஒரு விளக்கைக் காட்டினார், மாற்றினார்கள். அவரோடு காரிலேயே திரும்பி வந்திருந்த சுப்புத்தாயைக் கூப்பிட்டார்.

"இனிமே எதுன்னாலும் மாடிக்கு வந்து சொல்ல வேண்டாம். இங்கனயே எங்கிட்டச் சொல்லு. அப்பமே முடிச்சிருவோம்."

"சரி சார்," என்றாள் சுப்புத்தாய். அவள் முகத்தில் ஒன்றும் தெரியவில்லை.

இங்கே நிறுத்திக்கொண்டால் எவ்வளவு நன்றாக இருக்கும். திருந்திய மனிதர், கிரீஸ் பட்ட சட்டை, மாட்டிய கவர். ஆனால் நாம் பேசிக்கொண்டிருப்பது ஓர் இனத்தைப் பற்றி. ஒரு சாயங்காலத்தில் இனம் மாறுமா?

மறுநாள் காலையில் அவசரக் கூட்டம். அறிவிப்புப் போய்விட்டது, சேவும் வந்துவிட்டது, ரத்து செய்யவா முடியும்? சுருக்கமாக முடித்துக்கொள்ளலாம் என்றுதான் செண்பகராஜ் மாடி ஏறினார். மனதார அப்படித்தான் நினைத்தார். மைக்கைத் தட்டினார். கேட்டது.

"நேத்து என்ன நடந்ததுன்னு சுருக்கமாச் சொல்லிடறேன்."

சொன்னார். சிவப்புப் பொத்தான், கவரின் கனம், இசக்கியின் தயக்கம், தான் பிடித்த பிடி, அவன் முடுக்கிய முடுக்கு. சொல்லச் சொல்ல அது நீண்டது. நீள நீள அவருக்கு நன்றாக இருந்தது. பாண்டிராஜ் எப்போது எடுத்தாரோ, கிரீஸ் கையோடு தலைவர் நிற்கிற படம் திரையில் சுழன்று வந்து உட்கார்ந்தது. ஓரத்துப் பொம்மை கைதட்டியது. தலைவர் தம் கையாலேயே கவர் மாட்டியதற்கு நன்றி தெரிவித்துத் தீர்மானம் ஒன்று வந்தது. காவியா விரைவில் குணமடைய வாழ்த்தி இன்னொன்று. பிறகு செண்பகராஜ் முன்னால் நகர்ந்து கைகளைக் கோத்துக்கொண்டார்.

"நேத்து நான் ஒண்ணு கத்துக்கிட்டேன். எதையும் தள்ளிப்போடக் கூடாது. உடனடியாச் செய்யணும். இத நாம ஒரு முறையாக் கொண்டு வரணும். உடனடிச் செயல்பாட்டுத் துணைக் குழுன்னு ஒண்ணு போடலாமா?"

அருமையான யோசனை என்றார்கள். 'உடனடி' என்றால் எவ்வளவு நேரத்துக்குள் என்று ஸ்டோர்ஸ்காரர் கேட்டார். ஒரு நாளைக்குள் என்றார் ஒருவர். விடுமுறை நாள் சேருமா என்றார் இன்னொருவர். ஷிப்ட் கணக்கில் வைக்கலாம் என்றார் மஞ்சள்காரர். வாதம் சூடு பிடித்தது. செண்பகராஜ் ஒவ்வொரு பக்கமாகத் திரும்பித் தலையாட்டத் தொடங்கினார். 'உடனடி' என்பதற்கு விளக்கம் வகுப்பது அடுத்த கூட்டத்துக்குத் தள்ளிவைக்கப்பட்டது.

கடைசியில் அவர் சுப்புத்தாயைப் பார்த்தார். "நீ சொல்லும்மா. வேற ஏதாவது குறை இருக்கா? தயங்காமச் சொல்லு."

சுப்புத்தாய் எழுந்தாள். வாயைத் திறந்தாள். பாண்டிராஜின் பேனா காகிதத்துக்கு மேலே தயாராக நிற்பதைப் பார்த்தாள். எதையோ நினைத்துக்கொண்டவளைப் போல வாயை மூடிக்கொண்டாள்.

"ஒண்ணும் இல்ல சார்."

"ஒண்ணுமே இல்லியா?"

"எல்லாம் நல்லா இருக்கு சார்."

செண்பகராஜ் நெகிழ்ந்துபோனார். இத்தனை வருஷத்தில் தொழிலாளர் தரப்பிலிருந்து குறையே வராத முதல் கூட்டம் அது. அதையும் குறித்துக்கொள்ளச் சொன்னார். கைதட்டினார்கள்.

கூட்டம் கலைந்ததும் ஜன்னலோரம் வந்து நின்று டீயைக் குடித்தார். கீழே புதூர்ப் பக்கம் போகிற மில் பஸ் நின்றிருந்தது. அதன் படிக்கட்டுக்கு அருகே இசக்கிமுருகன் குந்தியிருக்க, சுப்புத்தாய் குனிந்து ஏதோ காட்டிக்கொண்டிருந்தாள். ஜன்னல் கொஞ்சம் திறந்திருந்ததால் பேச்சு மேலே கேட்டது.

"இந்தப் படிப் பலகை ஆடுதுடே. நேத்து ஒருத்தி காலு சிக்கப் பாத்துச்சு. கமிட்டிக்குத் தெரியுததுக்கு முன்ன முடுக்கிரு."

"இன்னும் சொல்லலல்லா?"

"சொல்லல. சொன்னா நீ தொடமாட்டியே."

ஸ்பானர் சுற்றியது. சுப்புத்தாய் பலகைமேல் ஏறி நின்று ஒரு மிதி மிதித்துப் பார்த்தாள். இறங்கிப் போய்விட்டாள்.

செண்பகராஜ் டீக் கோப்பையை வைத்தார். அவருக்கு நெஞ்சில் ஏதோ ஒன்று சுருக்கென்றது. முதல் நாள் கவரைப் பிடித்துக்கொண்டு நின்றபோது இருந்த வெட்கம் மாதிரி ஒன்று. அது என்னவென்று பிடிபடுவதற்கு இன்னும் கொஞ்சம் நேரம் கொடுத்திருந்தால் பிடிபட்டிருக்கும். அதற்குள் பாண்டிராஜ் வந்து, அடுத்த கூட்டத்துக்குப் பொருள் என்ன சார் என்று கேட்டுவிட்டார்.

செண்பகராஜ் யோசித்தார். "தொழிலாளர்கள் ஏன் குறைகளைக் குழுவிடம் சொல்வதில்லை," என்றார். "குறிச்சுக்கோங்க."

நீங்கள் இப்போது சிரித்துக்கொண்டிருக்கலாம். சிரியுங்கள், செண்பகராஜ் கோபித்துக்கொள்ள மாட்டார். ஒன்று மட்டும் கேட்டுக்கொள்ள வேண்டியிருக்கிறது. உங்கள் வீட்டு வாஷ்பேசின் சுவரில் ஒரு ஸ்விட்ச் ஆடிக்கொண்டிருக்குமே, ஈரக் கையோடு தொட்டால் சுர்ரென்று இழுக்குமே, ஞாயிற்றுக்கிழமை எல்லாரும் இருக்கும்போது இதற்கு ஒரு வழி பேசணும் என்று எத்தனையோ ஞாயிற்றுக்கிழமையாகச் சொல்லிக்கொண்டிருக்கிறீர்களே, அது என்ன ஆயிற்று? இதைப் படித்து முடித்த கையோடு அலுவலக வாட்ஸப் குழுவில் போட்டு, 'மிக முக்கியமான விஷயம், நாம் எல்லாரும் ஒரு நாள் உட்கார்ந்து பேசவேண்டும்' என்று எழுத உங்கள் விரல் துடிக்கிறதா? துடித்தால், வாஷ்பேசின் கண்ணாடி முன்னால் போய் நின்று அந்த முகத்தை ஒரு தடவை நன்றாகப் பார்த்துக்கொள்ளுங்கள். விளக்கைப் போடும்போது மட்டும் கையைத் துடைத்துக்கொண்டு போடுங்கள்.